உஷார்! மலையில் நாலரை மணி நேரம் சீக்கிரம் தீர்ந்துவிடும்

கொடைக்கானல் மேல்மலைக்காரர்களும், சீசனுக்கு மலையேறப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களும் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மன்னவனூரில் ஒருவருக்குக் காலை ஆறு மணிக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வண்டி பிடித்துக் கிளம்ப முக்கால் மணி நேரம். பூம்பாறை வழியாகக் கொடைக்கானல் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அந்த வளைவுகளில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை என்று இறங்கி வத்தலக்குண்டைத் தொட இன்னொரு ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ மேலும் ஒரு மணி நேரம். ஆகமொத்தம் நாலேகால் மணி நேரம்.

பக்கவாதத்தில் மூளையின் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு மருத்துவம் தரும் அவகாசம் நாலரை மணி நேரம். மிச்சம் 15 நிமிடம். அதற்குள் ஸ்ட்ரெச்சர் கிடைக்க வேண்டும், சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும், சர்க்கரை பார்க்க வேண்டும், வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி மருந்தைக் கலக்க வேண்டும். வழியில் மரம் விழவில்லை, காட்டெருமை மறிக்கவில்லை, சுற்றுலா வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்கவில்லை என்று வைத்துத்தான் இந்தக் கணக்கே. நெடுங்காலம் சாலையே இல்லாமல் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்த வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது.

ரத்தம் எட்டாமல் போன மூளையில் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டுச் சொன்னார். நாலரை மணி நேரம் என்பது கடைசி எல்லை. அதுவரை சாவகாசமாக வரலாம் என்று பொருளல்ல. முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஊசி போட்டவர் எழுந்து நடக்கும் வாய்ப்பு, நாலாவது மணியில் போட்டவருக்குக் கிடைப்பதில்லை. 1995-இல் இந்த ஊசி பலன் தரும் என்று அமெரிக்க ஆய்வு நிரூபித்தபோது எல்லை 3 மணி நேரமாக இருந்தது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரையாக நீட்டியது. பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை 2015-க்குப் பிறகு நிலைபெற்றது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்யலாம் என்று 2018-இல் தெரியவந்தது. ஆனால் அதற்கு வேண்டிய கருவியும் கைதேர்ந்த மருத்துவரும் பெருநகரங்களில்தான். மலையிலிருந்து கிளம்பும்போதே அதை நம்பிக் கிளம்ப முடியாது.

இந்த நேரத்தில்தான் எல்லோரும் போனை எடுக்கிறோம். நான் பயப்படுவது அங்கேதான்.

"பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்துங்கள், ரத்தம் சொட்டினால் பிழைத்துவிடுவார், காது மடலை இழுத்துவிடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தி வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சீன வைத்தியம் என்று சொல்லி, உலகின் பல மொழிகளில் வலம்வந்த பொய் இது. விரலில் குத்துவது வீண் என்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அந்தச் செய்தியிலேயே இன்னொரு வரி இருக்கிறது: நோயாளியை இருந்த இடத்தைவிட்டு அசைக்காதீர்கள், அசைத்தால் மூளையில் நாளங்கள் வெடித்துவிடும் என்று. ஆளைக் கொல்லும் வரி அதுதான். பக்கவாதம் வந்தவரைத் தாமதமில்லாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து வண்டியில் ஏற்ற வேண்டும். இந்தச் செய்தி உங்கள் குடும்பக் குழுவில் வந்தால் அழித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அனுப்பியவர் பெரியப்பாவாகவே இருந்தாலும், இது பொய் என்று அங்கேயே எழுதுங்கள்.

அடுத்தது, வீடியோ. அப்பாவின் கோணிய வாயைப் படம்பிடித்துச் சென்னையில் இருக்கும் டாக்டர் மாமாவுக்கு அனுப்பிவிட்டு, நீல டிக் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது. மாமா அறுவைச் சிகிச்சை அறையில் இருப்பார். அவர் பார்த்துவிட்டுச் சொல்லப்போவதும் "உடனே கூட்டிட்டுப் போ" என்பதுதான். முதல் அழைப்பு 108-க்கு. வண்டி கிளம்பிய பிறகு மாமாவுக்குப் போடுங்கள். இ-சஞ்சீவனி போன்ற தொலைமருத்துவச் சேவைகள் சாதாரண நோய்களுக்கு மலைக்காரர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் பக்கவாதத்துக்கு அதில் டோக்கன் போட்டு வரிசையில் காத்திருக்கக் கூடாது. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் "எல்லாம் நார்மல்" என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். சில கடிகாரங்கள் இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பதைப் பிடிக்கும். மூளையில் அடைப்பு விழுந்ததை அவற்றால் சொல்ல முடியாது.

கூகுள் மேப் இன்னொரு கண்ணி. "அருகிலுள்ள மருத்துவமனை" என்று தேடினால் கிட்டத்தில் இருப்பதைக் காட்டும். அங்கே சிடி ஸ்கேன் இருக்கிறதா, இரவு இரண்டு மணிக்கு அதை இயக்க ஆள் உண்டா, கட்டி கரைக்கும் மருந்து இருப்பில் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஸ்கேன் இல்லாத இடத்தில் அரை மணி நேரம் நின்று, சலைன் ஏற்றிக்கொண்டு, அங்கிருந்து இன்னொரு இடத்துக்குக் கடிதம் வாங்கிப் போவதுதான் மலையில் அதிக நேரத்தைத் தின்கிறது. மழைக்காலத்தில் குறுக்குவழி என்று அடுக்கம், கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துக்கு இறக்கிவிடவும் மேப் தயங்காது. குறுகலான, மண் சரியும் பாதை அது. 2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தின் மேல் கடந்தபோது மலைச்சாலைகளில் மரங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எந்தப் பாதை திறந்திருக்கிறது, வத்தலக்குண்டு வழியா, வடகவுஞ்சி வழியாகப் பழனியா என்பதை 108 ஓட்டுநரிடமும் செக்போஸ்ட்டிலும் கேளுங்கள்.

அறிகுறியிலேயே ஏமாறுகிறவர்களும் உண்டு. வாய் ஒருபக்கம் கோணுவது, ஒரு கையைத் தூக்கினால் கீழே சரிவது, பேச்சு குழறுவது மூன்றும் பலருக்குத் தெரியும். திடீரென்று நடை தள்ளாடுவது, ஒரு கண் இருட்டிக்கொள்வது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, தாங்க முடியாத தலைசுற்றலோடு வாந்தி எடுப்பது ஆகியவையும் பக்கவாதமாக இருக்கலாம். கொடைக்கானலில் இதைத் தட்டிக்கழிப்பது மிகச் சுலபம். "வளைவுல வந்ததுல பித்தம் ஏறிடுச்சு", "குளிர் ஒத்துக்கல", "வாயு பிடிச்சிருக்கு, சுக்குக் காப்பி குடிச்சுப் படுங்க" என்று சொல்லிப் போர்வையைப் போர்த்திவிடுவார்கள். எலுமிச்சையை முகர்ந்தால் சரியாகிற தலைசுற்றலும் இதுவும் வேறு. ஊரிலிருந்து கிளம்பும் அவசரத்தில் பிரஷர் மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வந்த பெரியவர் திடீரென்று நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தால், அதை மலைவளைவின் கணக்கில் எழுதாதீர்கள். கை மரத்துப்போய்ப் பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த இரண்டு நாள்தான் பெரிய தாக்குதலுக்கு மிக ஆபத்தான காலம்.

இன்னொன்றையும் உரத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023-இல் தமிழ்நாடு அரசு "இதயம் காப்போம்" திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகள் கொடுத்து அனுப்பும் நல்ல திட்டம். அதைக் கேள்விப்பட்டவர்கள் பக்கவாதத்துக்கும் அதே மாத்திரையை வீட்டில் கொடுக்கத் துணிகிறார்கள். கூடவே கூடாது. பக்கவாதத்தில் சில அடைப்பால் வருபவை, சில ரத்தக்கசிவால் வருபவை. வெளியிலிருந்து பார்த்து எது என்று அனுபவமுள்ள டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிடி படம் வேண்டும். கசிவு உள்ளவருக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் கசிவு பெருகலாம். "பிபி 200 காட்டுது" என்று நாக்கின் அடியில் மாத்திரை வைப்பதும் ஆபத்து. அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ள உடம்பே அழுத்தத்தைக் கூட்டியிருக்கும்; சட்டென்று இறக்கினால் மிச்சமிருக்கும் மூளையும் காயும். தண்ணீர்கூடப் புகட்டாதீர்கள், விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் நேராக நுரையீரலுக்குப் போகும்.

அப்படியானால் போனாலும் கணினியாலும் மலைக்குப் பயனே இல்லையா? இருக்கிறது. நம்மைப் போலவே மலையும் வளைவுமாக இருக்கும் இமாசலப் பிரதேசம் அதைச் செய்து காட்டியது. அங்கே நரம்பியல் மருத்துவர்கள் அப்போது சிம்லாவிலும் காங்ராவின் டாண்டாவிலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளில்தான் இருந்தார்கள். 2014-இல் அந்த மாநிலம், சிடி ஸ்கேன் உள்ள மாவட்ட மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. நோயாளி வந்ததும் அந்த மருத்துவர் போனில் நரம்பியல் நிபுணரைக் கூப்பிடுவார். ஸ்கேன் படங்கள் வாட்ஸ்ஆப்பில் போகும். நிபுணர் சொன்னதும் அங்கேயே ஊசி. மருந்தை அரசே இலவசமாகக் கொடுத்தது. முதல் கட்டத்தில் அப்படி ஊசி பெற்றவர்கள் 26 பேர்தான். சின்ன எண் என்று தள்ளிவிடாதீர்கள். அந்த 26 பேரும் மலை இறங்கிப் பெரிய ஊருக்குப் போயிருந்தால் அவகாசம் தீர்ந்திருக்கக்கூடும். படம் அனுப்பும் போன் அங்கே வேலை செய்ததற்குக் காரணம், போனின் இந்த முனையில் ஸ்கேனும் மருந்தும் அதைப் போடத் தெரிந்த கையும் இருந்ததுதான். இவற்றில் ஒன்று குறைந்தாலும் செயலி எதுவும் உதவாது. "தொலைமருத்துவ வசதி வந்துவிட்டது" என்று யாராவது மலையில் நாடா வெட்டினால், இந்த மூன்றையும் சேர்த்துத்தானா என்று கேளுங்கள்.

அந்த முறையிலும் கண்ணிகள் உண்டு. மருத்துவமனைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளிச்சப் பெட்டியில் மாட்டிய ஃபிலிமை ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால், பிரதிபலிப்பிலும் மங்கலிலும் நுட்பமான மாற்றம் மறைந்துபோகும். கணினித் திரையில் படங்களை மேலிருந்து கீழ்வரை ஓட்டி வீடியோவாக எடுப்பது நல்லது. மூலக் கோப்பையே அனுப்பும் வசதி இருந்தால் அதுவே சரி. நோயாளியின் பெயர் தெரிய அதைப் பத்துப் பேர் இருக்கும் குழுவில் போடக் கூடாது.

செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் தலை ஸ்கேனைப் படிக்கத் தொடங்கிவிட்டன. மும்பையின் க்யூர்.ஏஐ நிறுவனம் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தலை ஸ்கேன்களைக் கொண்டு உருவாக்கிய மென்பொருள் பற்றிய ஆய்வு 2018-இல் லான்செட் இதழில் வந்தது. ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, மூளை ஒருபக்கம் தள்ளப்பட்டிருப்பது போன்றவற்றைக் கண்டுபிடிப்பதில் அது திறமை காட்டியது. ராத்திரியில் ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊரில் இது பெரிய துணைதான். ஆனால் புதிதாக விழுந்த அடைப்பு முதல் சில மணி நேரம் சிடியில் தெரியாமலே இருக்கலாம். இது மென்பொருளின் குறை அல்ல. அந்தப் படத்தின் இயல்பே அது. கசிவு இல்லை என்பதைச் சொல்லத்தான் அந்த முதல் படம் முக்கியமாகப் பயன்படுகிறது. எனவே "சிடி நார்மல், ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போகலாம்" என்ற வார்த்தையைக் கேட்டால் உஷார்! கை வரவில்லை, பேச்சு வரவில்லை, படம் மட்டும் நார்மல் என்றால், ஊசி போடத் தகுந்த ஆளாக இருக்கலாம் என்றே அதற்குப் பொருள். அந்த இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்: "கட்டி கரைக்கிற ஊசி போடலாமா டாக்டர்? நரம்பியல் டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

இப்போது எனக்கு மிகுந்த கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். பக்கவாதச் சிகிச்சையின் தரத்தை அளக்கும் டிஜிட்டல் பதிவேடுகள் உலகெங்கும் பரவிவிட்டன. செக் நாட்டின் பர்னோ நகரை மையமாகக் கொண்டு 2016-இல் தொடங்கிய ரெஸ்-க்யூ பதிவேட்டில் பல நாட்டு மருத்துவமனைகள் தங்கள் நேரங்களைப் பதிகின்றன. இந்திய மருத்துவமனைகளும் அதில் உண்டு. நோயாளி வாசலில் நுழைந்தது எப்போது, சிடி எப்போது, ஊசி எப்போது என்று பதிந்து, வாசலிலிருந்து ஊசிக்கு 60 நிமிடத்துக்குள் எத்தனை பேர் என்று பார்த்து, உலகப் பக்கவாத அமைப்பின் ஏஞ்சல்ஸ் விருதுகள் தங்கம், பிளாட்டினம், வைரம் என்று தரப்படுகின்றன. இந்த அளவீட்டால் உண்மையாகவே உயிர்கள் பிழைக்கின்றன. ஹெல்சிங்கியில் 1998-இல் வாசலிலிருந்து ஊசிக்கு நடுமதிப்பாக 105 நிமிடம் ஆனது. 2011-இல் அதை 20 நிமிடமாக்கினார்கள். ஆம்புலன்ஸ் வரும்போதே போன், நோயாளியின் பழைய விவரங்கள் முன்கூட்டியே கணினியில், வார்டுக்குப் போகாமல் நேரே சிடி மேஜைக்கு, மருந்து அங்கேயே. இதில் விண்வெளித் தொழில்நுட்பம் எதுவும் இல்லை.

ஆனால் அந்தக் கடிகாரம் மருத்துவமனை வாசலில்தான் ஓடத் தொடங்குகிறது. மன்னவனூர்க்காரர் ஐந்தாவது மணியில் வந்து சேர்ந்தால், "நேரம் கடந்துவிட்டது, ஊசிக்குத் தகுதியில்லை" என்று ஒரு கட்டத்தில் டிக் விழும். 60 நிமிடக் கணக்கில் அவர் வரவே மாட்டார். அவர் மலையில் தொலைத்த மணிகள் எந்த விருதையும் குறைக்காது. கீழே உள்ள மருத்துவமனை வைர விருது வாங்கிக்கொண்டே இருக்க, மேல்மலையில் ஒருவருக்குக்கூட ஊசி கிடைக்காமல் இருக்கலாம். பதிவேட்டில் அது தெரியாது. சமவெளிக்காக வகுத்த அளவுகோலை அப்படியே மலைக்கு வைத்துக்கொண்டு "தரம் உயர்ந்துவிட்டது" என்று அறிக்கை எழுதுவதைத்தான் நான் அபாயம் என்கிறேன். திண்டுக்கல் மாவட்டத்தின் பதிவில் முதல் கட்டம் "கடைசியாக நன்றாக இருந்த நேரம்" என்றும், இரண்டாவது "எந்த ஊர்" என்றும், மூன்றாவது "வழியில் எங்கெங்கே நின்றார்கள்" என்றும் இருக்க வேண்டும். விபத்துக்கும் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் சேர்த்து அவசரச் சிகிச்சையை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு டிஏஇஐ என்ற திட்டத்தையே வைத்திருக்கிறது. இந்த மூன்று கட்டங்களையும் அதில் சேர்ப்பது பெரிய செலவில்லை.

அந்த முதல் கட்டத்தை நிரப்புவது வீட்டாரின் கையில். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரம் கணக்கில்லை. ராத்திரி படுக்கப் போகும்போது நன்றாக இருந்த நேரம்தான் கணக்கு. பதற்றத்தில் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். எனவே பார்த்ததும் போனில் நேரத்தைக் குறித்துவையுங்கள், அல்லது கையிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். தவறான நேரம் சொன்னால் கிடைக்க வேண்டிய ஊசி கிடைக்காது, இல்லை கிடைக்கக் கூடாத நேரத்தில் கிடைத்து மூளையில் ரத்தம் கசியும். சாப்பிடும் மாத்திரைச் சீட்டைப் படம்பிடித்து வைத்திருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவரா என்பது ஊசிக்கு முன் கேட்கப்படும்.

ஊசியோடு வேலை முடிவதில்லை. ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாத வார்டுகளில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, நர்ஸுகள் முதல் மூன்று நாள் காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் மூன்றையும் ஒழுங்காகக் கவனித்தாலே இறந்தோ முடங்கியோ போகிறவர்கள் கணிசமாகக் குறைவதைக் காட்டியது. தெர்மாமீட்டரும் குளுக்கோமீட்டரும் ஒரு ஸ்பூன் தண்ணீரும் போதும். டேப்லெட்டில் தகவல் ஏற்றும் அவசரத்தில் இவை விட்டுப்போகாமல் இருக்க வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு மெசேஜ் வரும், செயலி நினைவூட்டும் என்று இருந்துவிடாதீர்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் துரை பாண்டியன் தலைமையில் நடந்த ஸ்பிரின்ட் இந்தியா ஆய்வில் 31 மருத்துவமனைகளைச் சேர்ந்த 4,298 பேரில் பாதிப்பேருக்கு அவரவர் மொழியில் குறுஞ்செய்தி, வீடியோ, கையேடு எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது கூடியது. ஆனால் ஓராண்டில் மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ மரணமோ வந்தவர்கள் செய்தி பெற்றவர்களில் 5.5 சதவீதம், பெறாதவர்களில் 4.9 சதவீதம். குறையவில்லை. 2023-இல் வெளியான முடிவு இது. மேல்மலையில் சிக்னலே அரைகுறை. அங்கே அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்மணி கையைப் பிடித்து பிபி பார்ப்பதற்கு ஈடாக ஒரு செய்தியையும் சொல்ல முடியாது. அவர் வருவதை நிறுத்திவிட்டுச் செயலியைக் கொடுக்கிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சுற்றுலாக் கூட்டம் ஏப்ரலில் மலை ஏறத் தொடங்கும். கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சீசனுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டியது. இ-பாஸ் வாங்கும் ஒவ்வொரு குடும்பத்தின் போன் எண்ணும் அரசிடம் இருக்கிறது. பக்கவாதத்தின் அறிகுறிகள், 108, அன்றைக்குச் சிடி ஸ்கேன் இயங்கும் மருத்துவமனை எது, எந்தச் சாலை திறந்திருக்கிறது ஆகிய நாலையும் அதே போனுக்கு அனுப்ப முடியும். மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் சுகாதாரத் துறையும் அதோடு நிற்காமல், சீசனுக்கு முன் ஒருநாள் மன்னவனூரிலிருந்து ஒரு வெற்று ஆம்புலன்ஸைக் கிளப்பி, கையில் கடிகாரத்தோடு, சிடி மேஜை வரை ஓட்டிப் பார்க்கட்டும். எங்கே எத்தனை நிமிடம் போனது என்பதைக் கொடைக்கானல் நகராட்சிப் பலகையில் எழுதி வைக்கட்டும்.